மென்று விழுங்கும் நேரம்

தாரகை நிறுவனத்தின் சிப் ஒரு சொல்லைச் சொல்ல அறுநூறு மில்லிசெகண்டு எடுத்துக்கொண்டது. கெல்வரா நிறுவனத்தின் சிப்புக்கு முந்நூறு போதும். இரண்டுக்கும் விலை ஒன்றுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை, கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் தாரகையின் நான்காவது மாடி அறையில், விற்பனைப் பிரிவின் தலைவர் டேனியல் இரண்டு பெட்டிகளையும் மேஜைமேல் அருகருகே வைத்தார். எதிரே சுகந்தி. சிப்பின் உள்ளமைப்பை வகுத்தவள் அவள்தான்.

குரல்வளையைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர்களுக்கான சிப் அது. தாடைக்குக் கீழே, தோலுக்கு அடியில் வைத்துத் தைப்பார்கள். குரல்வளையை எடுத்த பிறகும் நாக்கும் தாடையும் பேச முயன்றுகொண்டுதான் இருக்கும். அந்த நரம்புகளில் ஓடுவதைச் சிப் படித்து, எந்தச் சொல் என்று கண்டுபிடித்து, சட்டைக் காலரில் குத்திய பொத்தான் அளவு ஸ்பீக்கர் வழியாக அவரவருடைய பழைய குரலிலேயே சொல்லும்.

"முந்நூறுக்கு வந்தாப் பத்தாது சுகந்தி," என்றார் டேனியல். "நாம அங்க போறதுக்குள்ள அவங்க இருநூறுக்குப் போயிடுவாங்க. நூறுக்குக் கீழ வேணும்."

"வரலாம். ஆனா சொல் முழுசா வர்றதுக்கு முன்னாடியே சிப் யூகிக்கணும்."

"யூகிக்கறது தப்பா?"

"தப்பில்ல. எல்லா கம்ப்யூட்டர் சிப்பும் ரொம்ப வருஷமா அதைத்தான் பண்ணுது. அடுத்து எந்தக் கணக்கு வரும்னு யூகிச்சு, முன்கூட்டியே போட்டு வெச்சுக்கும். யூகம் சரின்னா நேரம் மிச்சம். தப்புன்னா குப்பைல போட்டுட்டு மறுபடி போடும். வெளிய யாருக்கும் தெரியாது."

"அதையே இங்கயும் பண்ணுங்க."

"இங்க குப்பைத்தொட்டி இல்லையே. சொல்லிட்டா சொன்னதுதான்."

டேனியல் அதைக் குறித்துக்கொண்டார். நல்ல வாக்கியம் எது வந்தாலும் குறித்துக்கொள்வது அவர் வழக்கம்.

சுகந்தி ஒரு வழி வைத்திருந்தாள். பேசுவதற்குச் சற்று முன் எல்லோருக்கும் நாக்கின் அடித்தசை ஒருமுறை இறுகும். சொல்லிவிடலாம் என்று மனிதன் முடிவெடுத்ததன் அடையாளம் அது. சிப் முன்கூட்டியே யூகிக்கட்டும், ஒலியைத் தயாராக வைத்திருக்கட்டும். அந்த இறுக்கம் வரும்வரை மட்டும் வெளியே விடாமல் காத்திருக்க வேண்டும். வாசலில் ஒரு கதவு மாதிரி. சோதனைகளில் அது நன்றாக வேலை செய்தது. கதவோடு சேர்த்து முந்நூற்றுப் பத்து மில்லிசெகண்டு ஆனது.

"கதவு மட்டும் எவ்வளவு நேரம் எடுக்குது?" என்று கேட்டார் டேனியல்.

"இருநூத்தி முப்பது."

"அப்ப கதவு இல்லாம எண்பது."

"எண்பதுல நாம சொல்றது அவங்க சொல்ல நினைச்சது. சொல்ல முடிவு பண்ணினது இல்ல."

"ரெண்டுக்கும் வித்தியாசம் எத்தனை பேருக்குத் தெரியும்?" என்றார் டேனியல். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

சுகந்தி நான்கு பத்திகளில் ஆட்சேபம் எழுதி நிர்வாக இயக்குநருக்கு அனுப்பினாள். அவர் படித்ததாகப் பதில் வந்தது. கதவை நீக்கும்படி அடுத்த வாரம் உத்தரவும் வந்தது. சுகந்தி வேலையை விட்டுவிடவில்லை. வீட்டுக்கடன், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் என்று காரணங்கள் சொல்லலாம். அவை முழு உண்மை அல்ல. எண்பதை எட்ட முடியுமா என்று பார்க்கும் ஆசை அவளுக்கே இருந்தது. எட்டு மாதத்தில் எட்டினாள். நூறு சொற்களில் தொண்ணூற்று நான்கை அந்தச் சிப் சரியாக யூகித்தது.

புதிய சிப் மூன்று பெட்டிகளில் விற்பனைக்கு வந்தது. நா ஒன்று, நா இரண்டு, நா மூன்று. மூன்றுக்குள்ளும் இருந்தது ஒரே சிப்தான். யூகிக்கும் பகுதியை முழுக்கப் பூட்டினால் அது ஒன்று. பழைய அறுநூறு மில்லிசெகண்டு வேகத்தில் பேசும். பாதி திறந்தால் இரண்டு. முழுக்கத் திறந்தால் மூன்று. தனித்தனியாகச் செய்வதைவிட ஒன்றைச் செய்து பூட்டி விற்பது மலிவு. அதே வாரம் கெல்வரா தன் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தது. மறுவாரம் தாரகை குறைத்தது. அந்த விலைப்போட்டியால்தான் அதுவரை சைகையிலும் சிலேட்டிலும் காலம் தள்ளிய ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குக் குரல் கிடைத்தது. இதையும் சொல்லியாக வேண்டும்.

தாரகையின் சிப்பால் குரல் பெற்றவர்களில் ஒருவர் நாச்சிமுத்து. ஒண்டிப்புதூர்க்காரர். ஐம்பத்து நான்கு வயது. ஒரு நூற்பு மில்லில் யூனியன் செயலாளர். சிப் சந்தைக்கு வருவதற்கு முன்பே, சோதனைக்கு ஆள் தேடியபோது, தானாக வந்து கழுத்தைக் காட்டியவர். நான்கு வருடமாக மாதம் ஒருமுறை சுகந்தியின் ஆய்வகத்துக்கு வந்து உட்கார்ந்து, அவள் கொடுக்கும் சொற்பட்டியலைப் பொறுமையாகப் படிப்பார். அவளை அம்மிணி என்றுதான் அழைப்பார்.

அறுநூறு மில்லிசெகண்டு என்பது பெரிய விஷயமா என்று ஒருமுறை அவரிடம் கேட்டிருந்தாள்.

"பேக்கரில நாலு பேரு நின்னு பேசிட்டிருப்போமுங்க," என்றார் அவர். "நான் ஒன்னு சொல்லலாம்னு வாயெடுப்பேன். அது வெளிய வர்றதுக்குள்ள பேச்சு வேற பக்கம் போயிருக்கும். அப்பறம் நான் சொல்றது மட்டும் தனியா நிக்கும். கல்யாணம் முடிஞ்சு பந்தலப் பிரிக்கறப்ப மொய் எழுத வந்தவனாட்ட."

அவருடைய மனைவி துளசிமணி இதற்கு ஒரு உபாயம் கண்டுபிடித்திருந்தாள். கணவர் தாடையை அசைத்ததும் மற்றவர்களைப் பார்த்துக் கையை உயர்த்திவிடுவாள். எல்லோரும் நிறுத்துவார்கள். அந்தக் கை உயரும்போதெல்லாம் நாச்சிமுத்துவுக்குத் தாம் ஒரு நோயாளி என்பது நினைவுக்கு வரும்.

நா மூன்றின் விளம்பரத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது சுகந்திதான் அவர் பெயரைச் சொன்னாள். நிறுவனம் அவருக்கு இலவசமாகப் பூட்டைத் திறந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை எதுவும் வேண்டியதில்லை. சரவணம்பட்டியில் ஒருவர் கணினியில் ஒரு கட்டத்தில் குறியிட்டார். ஒண்டிப்புதூரில் நாச்சிமுத்து வேகமாகப் பேசத் தொடங்கினார்.

அன்று மாலை அவர் சுகந்தியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அம்மிணி, இன்னைக்கு ஒருத்தன் பேசிட்டிருக்கறப்பவே குறுக்க விழுந்து பேசிட்டேனுங்க," என்றார். "அவன் கோவிச்சுக்கிட்டான். எத்தனை வருசமாச்சு, என்ற மேல ஒருத்தன் கோவிச்சு."

இது நடந்து மூன்றாவது மாதம்.

மில்லில் பதினொரு பேரைத் தற்காலிகமாக வேலைநீக்கம் செய்திருந்தார்கள். எட்டுப் பெண்கள், மூன்று ஆண்கள். பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு எந்திரத்தை ஓட்டச் சொன்னார்கள். ஓட்ட மாட்டோம் என்று இவர்கள் நின்றுவிட்டார்கள். அதுதான் குற்றம். பேச்சுவார்த்தைக்கு முதல் நாள் யூனியன் கமிட்டி கூடியது. பதினொரு பேரையும் திரும்ப எடுக்கும்படி கேட்பது, வேறு வழியே இல்லையென்றால் ஏழு பேருக்கு ஒத்துக்கொள்வது, மீதி நான்கு பேருக்கு நீதிமன்றம் போவது என்று முடிவு செய்தார்கள். அந்த ஏழு என்ற எண்ணும், மீதி நான்கு பேர் யார் என்பதும் கமிட்டியில் இருந்த ஐந்து பேருக்கு மட்டும் தெரியும்.

மில் மேலாளர் அவசரப்படாத மனிதர். முதல் ஒரு மணிநேரம் மழை பற்றியும் பஞ்சு விலை பற்றியும் பேசினார். பிறகு கேட்டார்.

"பதினொரு பேர்னா எங்களால முடியாது நாச்சிமுத்து. நீங்களே ஒரு நம்பர் சொல்லுங்க."

"ஏழு," என்றது காலர் ஸ்பீக்கர்.

நாச்சிமுத்துவின் கை கழுத்துக்குப் போனது. பக்கத்தில் இருந்த பொருளாளர் அவரைத் திரும்பிப் பார்த்தார். மேலாளரும் சற்று நேரம் அவரைப் பார்த்தார். பேரம் இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

"சரி, ஏழு," என்றார் மேலாளர். சொல்லிவிட்டுத் தாளில் எழுதினார்.

அதன் பிறகு நாச்சிமுத்து என்னென்னவோ சொன்னார். அது சிப் சொன்னது, நான் சொல்லவில்லை என்றார். அதையும் அதே குரல்தான் சொன்னது. மேலாளர் சிரிக்கவில்லை. "ரெக்கார்டுல ஏழுன்னு இருக்குங்க," என்றார். அவ்வளவுதான்.

வேலையை இழந்த நான்கு பேரில் மாராத்தாள் ஒருத்தி. பதினாறு வருடம் அந்த மில்லில் இருந்தவள். மூடியைக் கழற்ற முடியாது என்று முதலில் சொன்னதும் அவள்தான். நாச்சிமுத்து விலை போய்விட்டார் என்ற பேச்சு இரண்டு நாளில் மில் முழுக்கப் பரவியது. கம்பெனி விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருப்பவர் மில் முதலாளியோடும் சிரிக்க மாட்டாரா என்று ஒரு சுவரில் எழுதியிருந்தார்கள்.

அவர் நேராகச் சுகந்தியிடம் வந்தார்.

சிப் சொல்லும் ஒவ்வொரு சொல்லின் பதிவும் நிறுவனத்தின் சேமிப்பில் இருக்கும். சுகந்தி அந்த நாளைத் தேடி எடுத்தாள். திரையில் இரண்டு கோடுகள். மேலே சிப், கீழே தொண்டை.

"இங்க பாருங்க," என்றாள். "மேனேஜர் கேட்டு முடிச்சதும் உங்க நாக்குல ஏழுங்கிற சொல் ஆரம்பிக்குது. எண்பதாவது மில்லிசெகண்டுல சிப் சொல்லிடுச்சு."

"அப்ப நான்தான் சொன்னனுங்களா?"

"உங்க நாக்கு ஆரம்பிச்சுது."

"ஆரம்பிக்காதுங்களா அம்மிணி? ராத்திரி பூரா அந்த நம்பரத்தான நெனச்சிட்டுப் படுத்திருந்தேன். கேட்டா அதுதான் மொதல்ல வரும். எல்லாருக்கும் அப்படித்தான வரும். வந்தத அப்படியே மென்னு முழுங்கிட்டு, பதினொன்னுங்கன்னு சொல்றதுதான என்ற வேல. முப்பது வருசமா அதைத்தானுங்க பண்ணிட்டிருக்கேன்."

சுகந்தி கீழ்க்கோட்டை வலப்பக்கம் நகர்த்தினாள். இருநூற்றுத் தொண்ணூறாவது மில்லிசெகண்டில் கோடு செங்குத்தாக ஏறி இறங்கியிருந்தது.

"இது என்னதுங்க?"

"இங்க நீங்க விழுங்கியிருக்கீங்க," என்றாள் சுகந்தி.

அவர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுங்கறதுக்குள்ள சொல்லிப்போடுச்சு," என்றார் கடைசியில்.

அவர் போன பிறகு சுகந்தி மற்றவர்களின் பதிவுகளையும் பார்த்தாள். நா மூன்று வைத்திருப்பவர்கள் அப்போது இருபத்தேழாயிரம் பேர். சிப் சொல்லிய பிறகு தொண்டை விழுங்கிய இடங்களை மட்டும் தேடும்படி கணினியிடம் சொன்னாள். ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாகப் பத்தொன்பது முறை. பெரும்பாலானவை சிறிய சொற்கள். இல்லை. போ. ஆமாம். பொய். ஒரு பெண் மருத்துவமனையில் யாரிடமோ 'பிழைக்காது' என்று சொல்லியிருந்தாள். அடுத்த கணம் விழுங்கியிருந்தாள். சுகந்தி அதற்குமேல் படிக்கவில்லை.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டேனியலிடம் போனாள். அவர் கடைசிப் பக்கம்வரை படித்தார்.

"வாடிக்கையாளர் திருப்தி எவ்வளவு தெரியுமா?" என்றார். "தொண்ணூத்தி ஒன்னு. நம்ம வரலாற்றுலயே அதிகம்."

"அவங்களுக்கு எங்க என்ன நடக்குதுன்னே தெரியாது. தாங்களே உளறிட்டதா நினைச்சுக்கறாங்க."

"இருக்கலாம். இப்ப கதவை வெச்சு முந்நூறுக்குப் போனா, கெல்வரா தொண்ணூறுல நிக்குறான். மூணு மாசத்துல சந்தை அவன் கைக்குப் போயிரும். இந்தக் கட்டடத்துல எண்ணூறு பேர் இருக்கோம் சுகந்தி. உங்க ஆளோட மில்லுல நாலு பேர்."

அவர் கொடுமைக்காரர் அல்ல. தினமும் காலையில் பார்க்கும் எண்களிலிருந்து பேசினார். பதிவுகள் நிறுவனத்தின் சொத்து, வெளியே போகக்கூடாது என்பதையும் நினைவூட்டினார்.

இரண்டு நாள் கழித்துச் சுகந்தி அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்து நாச்சிமுத்துவிடம் கொடுத்தாள்.

"இது வெளிய வந்தா உங்க வேலைக்கு ஆபத்துங்களா?" என்று கேட்டார்.

"இருக்கலாம்."

"அப்ப வேண்டாமுங்க."

"உங்க பேரு போயிருக்கு. வெச்சுக்கோங்க."

மறுநாள் பிற்பகல் ஷிப்டு மாறும் நேரத்தில் கேட் மீட்டிங். சுகந்தி எதிரே இருந்த பேக்கரியில் நின்று பார்த்தாள். இருநூறு பேர் இருப்பார்கள். நாச்சிமுத்து மரப்பெட்டிமேல் ஏறி, தாளை உயர்த்திக் காட்டினார். எண்பது மில்லிசெகண்டு என்றால் என்ன, விழுங்குவது எங்கே வருகிறது என்று எல்லாவற்றையும் விளக்கினார். நன்றாகவே விளக்கினார். சுகந்தியே அவ்வளவு எளிமையாகச் சொல்லியிருக்க மாட்டாள். கூட்டம் அமைதியாகக் கேட்டது.

மாராத்தாள் முன்வரிசையில் இருந்தாள்.

"ஏனுங்ணா," என்றாள். "மெசினு அவசரப்பட்டுச் சொல்லிப்போடுச்சு. செரி. அதை நான் நம்பறேன். ஆனா அது ஏழுன்னு ஏன் சொல்லோணும்? எட்டுன்னு சொல்லியிருக்கலாம். ஒம்பதுன்னு சொல்லியிருக்கலாம்."

அன்றுதான் நாச்சிமுத்துவின் வாயில் எந்தச் சொல்லும் தொடங்கவே இல்லை போலிருக்கிறது. ஸ்பீக்கரும் சும்மா இருந்தது.

"உள்ள இருந்ததுதான வெளிய வந்துச்சு?" என்று கேட்டாள் மாராத்தாள். "நாலு பேர விட்டுரலாம்னு முன்னாடியே பேசி வெச்சிருக்கீங்க. அந்த நாலுல நானும் ஒருத்தின்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எங்கூட்டுக்கு வந்து காப்பி குடிச்சீங்க."

அவள் சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சாலையைக் கடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள். மற்றவர்களும் கலைந்தார்கள். அவரைக் காப்பாற்றுவதற்காகச் சுகந்தி கொடுத்த தாள் அவர் கையில் இருந்தது. அன்று மாலையே அவர் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்.

இரண்டாவது கடிதம் தாரகைக்கு. தன் சிப்பைப் பழையபடி நா ஒன்றாக்கும்படி கேட்டிருந்தார். யாரோ ஒருவர் கணினியில் குறியை எடுத்தார்.

கூட்டத்தில் ஒரு செய்தியாளர் இருந்திருக்கிறார். அந்தத் தாளின் படம் இரண்டு நாளில் நாளிதழில் வந்தது. 'உங்கள் தொண்டையை முந்தும் சிப்' என்று தலைப்பு. டேனியல் கூப்பிட்டனுப்பியபோது சுகந்தி தன் மேஜையிலிருந்த மகள் படத்தைக் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் போனாள்.

டேனியல் அவளை உட்காரச் சொன்னார். அவர் மேஜையில் கடிதங்கள் அச்செடுத்துக் கிடந்தன.

"நாலாயிரம் பேர் எழுதியிருக்காங்க," என்றார். "சிப்பை மெதுவாக்கித் தர முடியுமான்னு கேக்கறாங்க. அதுக்கு எவ்வளவு ஆகும்னும் கேக்கறாங்க."

"ஒன்னும் ஆகாது. உள்ளேயே இருக்கு. பூட்டினா போதும்."

"அதை வெளிய சொல்லிடாதீங்க," என்றார் டேனியல்.

தாளைக் கசியவிட்டது யார் என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

ஏழு மாதத்தில் நா நான்கு வந்தது. அதன் முக்கிய வசதிக்கு 'நிதானம்' என்று பெயர். சொல்வதற்கு முன் முந்நூற்றுப் பத்து மில்லிசெகண்டு காத்திருக்கும். சுகந்தியின் கதவுதான், ஒரு கோடுகூட மாற்றாமல். விளம்பரத்தில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் பேரப்பிள்ளை கேட்ட கேள்விக்குச் சற்று யோசித்துவிட்டுப் புன்னகையோடு பதில் சொன்னார். 'பேசுவதற்கு முன் ஒரு கணம். அது உங்களுடையது' என்று எழுத்துகள் வந்தன. இதுவரை வந்ததிலேயே அதிக விலை அதற்குத்தான். அடுத்த மாதம் கெல்வரா அறுநூறு மில்லிசெகண்டு காத்திருக்கும் சிப்பை இன்னும் அதிக விலைக்கு இறக்கியது. வசதியுள்ளவர்கள் மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள்.

நிதானப் பிரிவுக்குச் சுகந்தியைத் தலைவியாக்கினார்கள். அவள் மறுக்கவில்லை.

மெதுவாகப் பேசுவதற்குக் காசு வாங்கும்போது அதை யாருக்கும் இலவசமாக விட்டுவைக்க முடியாது. அந்த வருட இறுதியில் எல்லாப் பழைய சிப்புகளுக்கும் ஒரு புதுப்பித்தல் போனது. நா ஒன்று, இரண்டு என்பவை இனி இல்லை. விலை குறைந்த சிப்புகள் அனைத்தும் எண்பது மில்லிசெகண்டில் பேசும். வேகத்தைப் பரிசாகத் தருகிறோம் என்று நிறுவனம் எல்லோருக்கும் வாழ்த்து அனுப்பியது. அந்தப் பட்டியலில் ஒண்டிப்புதூர் நாச்சிமுத்துவின் பெயரும் இருக்கும் என்பது சுகந்திக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் உறைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனாள். துளசிமணி கதவைத் திறந்தாள். நாச்சிமுத்து கூடத்தில் நாற்காலியில் இருந்தார். இளைத்திருந்தார்.

"எதுக்கு வந்தே?" என்றது காலர் ஸ்பீக்கர்.

இத்தனை வருடத்தில் அவர் அவளை ஒருமையில் பேசியதில்லை. அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. எழுந்து நாற்காலியை அவளுக்காக நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீயெல்லாம் ஒரு..." என்று அது தொடங்கியபோது அவர் கை காலருக்குப் போய் ஸ்பீக்கரை அணைத்துவிட்டது.

"மனசுல வெச்சுக்காதீங்க," என்றாள் துளசிமணி. "இப்ப இப்படித்தானுங்க. வெளிய போறதே இல்ல. தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தாரு. ஒரு வார்த்தை வந்துருச்சு. அப்பறம் அவரு வர்றதில்ல. என்னையப் பத்தி மனசுல என்ன நெனச்சிருந்தாருன்னு இருபத்தெட்டு வருசம் எனக்குத் தெரியாதுங்க. இப்ப எல்லாம் தெரியுது. தெரியாமயே இருந்திருக்கலாமுங்க."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

சுகந்தி தான் வந்த காரியத்தைச் சொன்னாள். நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் தங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு நிதானத்தை இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். அவள் அந்தப் படிவத்தில் நாச்சிமுத்துவின் பெயரை எழுதி வந்திருந்தாள். உறவுமுறை என்ற இடத்தில் பெரியப்பா என்று போட்டிருந்தாள். அவர் கையெழுத்து மட்டும் வேண்டும்.

துளசிமணி படிவத்தை வாங்கிக் கணவரிடம் கொடுத்தாள். அவர் நிதானமாகப் படித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடவில்லை. படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, நாற்காலியின் கைப்பிடியில் வைத்து எழுதத் தொடங்கினார்.

வெகுநேரம் எழுதினார். ஒரு வரி எழுதி, அதையே பார்த்துக்கொண்டிருந்து, அடித்தார். ஓர் எழுத்துக்கூடத் தெரியாதபடி திரும்பத் திரும்ப அடித்தார். தாள் அந்த இடத்தில் லேசாகக் கிழிந்தது. பிறகு கீழே இன்னொரு வரி எழுதி அவளிடம் நீட்டினார்.

'எல்லாருக்கும் சும்மா குடுக்கறப்ப எனக்கும் குடுங்க அம்மிணி. டீ குடிச்சுட்டுத்தான் போகோணும்.'

சுகந்தி படித்தாள். அடித்த வரியின்மேல் அவள் கண் போனது. அவர் அதைப் பார்த்துவிட்டார். அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

துளசிமணி டீ கொண்டுவந்தாள். மூன்று பேரும் குடித்தார்கள்.